சிறு மண்ணணை: பல பருவமழை கண்ட பிறகு

சொந்த நிலத்தில் ஓடைக்குக் குறுக்கே மண்ணணை கட்டினால் லாபம் கிணற்றில்தான். கோடைப் பாசனத்துக்குத் தேக்கிவைக்கலாம் என்று நம்பிக் கட்டாதீர்கள். வெயில் காலத்தில் நாளுக்கு 6, 7 மில்லிமீட்டர் ஆவியாகிவிடும். மாதக் கணக்கில் முக்கால் அடியை நெருங்கும். ஐப்பசி, கார்த்திகையில் நிரம்பிய நீர் தரையில் இறங்கி, கீழேயுள்ள கிணறுகளில் ஊறுவதுதான் உண்மையான பலன். ஓடை புறம்போக்காக இருந்தால் அனுமதி இல்லாமல் கை வைக்கக் கூடாது.

12 அடி உயரக் கரைக்கு மேலகலம் 10 அடி. நீர்ப்பக்கமான உட்சரிவு ஓரடி உயரத்துக்கு மூன்றடி அகலம், வெளிச்சரிவு ஓரடிக்கு இரண்டடி. ஆக, அடியகலம் 70 அடி வரும். மண்ணை அரையடி கனத்தில் ஈரப்பதத்தோடு பரப்பி, ரோலர் ஓட்ட வேண்டும். ஜேசிபியால் கொட்டிக் குவித்த கரை நிச்சயம் இறங்கும், அதுவும் ஓடை ஆழமாக இருந்த நடுப்பகுதியில் அதிகமாக. அதனால் நடுவில் ஓரடி கூடுதலாகப் போட வேண்டும். இல்லையென்றால் வெள்ளம் கரையைத் தாண்டுவது, உடைந்தால் அதிகச் சேதம் வரும் அந்த நடு இடத்தில்தான்.

பணம் குறைவாக இருந்தால் கரை உயரத்தைக் குறையுங்கள், மிகுதி நீர் வழிந்தோடும் கலிங்கைக் குறைக்காதீர்கள். கலிங்கைக் கொட்டிய மண்ணில் வைக்காமல், ஓரத்தில் இயற்கையான கெட்டித் தரையில் வெட்ட வேண்டும். கரையின் உச்சி கலிங்கின் தரையைவிட 3 அடி உயரமாக இருக்கட்டும். கூடுதல் நீருக்காகக் கலிங்கில் மணல் மூட்டை அடுக்குவதும், மீன் வெளியேறாமல் வலை கட்டுவதும் பரவலான பழக்கம். வலையில் செத்தை அடைத்தால் கலிங்கு இருந்தும் இல்லாத மாதிரிதான். 2018 மே மாதம் கென்யாவின் சோலாயில் ஒரு தனியார் பண்ணையின் மண்ணணை பெருமழையில் உடைந்து, கீழே குடியிருந்தவர்களில் 47 பேராவது இறந்தார்கள். பண்ணைக்குள் இருக்கும் அணைதானே என்று யாரும் அலட்சியமாக இருக்க முடியாது.

அடுத்த பலவீனம், நீரைத் திறந்துவிடக் கரைக்குள் பதிக்கும் மதகுக் குழாய். குழாயின் அடிவயிற்றில் ரோலர் எட்டாது. கையால் திமிசு (மண் இடிக்கும் கட்டை) போட்டு இறுக்க வேண்டும். கசிவைத் தடுக்கக் குழாயைச் சுற்றிக் கான்கிரீட் வளையம் கட்டுவார்கள், ஆனால் அதன் ஓரத்திலும் மண் சரியாக இறுகாது. வெளிப்பக்கம் கடைசி மூன்றில் ஒரு பங்கு நீளத்துக்குக் குழாயைச் சுற்றி மணல் வடிகட்டி வைப்பது மேல்: கசியும் நீர் வெளியேறும், மண் நின்றுவிடும். மதகைத் திறந்தாலும் நாளுக்கு ஓரடிக்கு மேல் நீரை இறக்காதீர்கள். ஈரமான உட்சரிவு சரிந்துவிடும்.

கரையில் அறுகம்புல் போதும். வேம்போ சீமைக் கருவேலமோ வளர்ந்தால் கன்றிலேயே பிடுங்குங்கள். பெரிய மரத்தை வெட்டினால் வேர் மக்கி, நீருக்கு வழியாகும். எலி வளை, நண்டு வளைகளைத் தோண்டித் திறந்து, மண் போட்டு இடித்து நிரப்ப வேண்டும்.

மழைக்காலத்தில் கரையின் வெளிப்பக்க அடிவாரத்தைத் தினமும் பாருங்கள். தெளிந்த கசிவு ஒரே அளவில் வந்தால் கவனித்தால் போதும். கலங்கலாக வந்தால் கரை உள்ளே அரிக்கிறது. அப்போது ஊற்றைக் களிமண்ணால் அடைக்காதீர்கள், பக்கத்தில் பிய்த்துக்கொள்ளும். சுற்றிலும் மணல் மூட்டையால் வளையம் கட்டி, உள்ளே பெருமணல், அதன்மேல் ஜல்லி போடுங்கள். அந்த வேலை தொடங்கும் முன்பே கீழே உள்ள வீடுகளுக்குத் தகவல் போயிருக்க வேண்டும்.