மறதியைத் தள்ளிப்போட எது உதவும்: மாத்திரையா, நடையா, புதிரா?

உயர் இரத்த அழுத்தம் உள்ள முதியவருக்குப் பெயர்கள் மறக்கத் தொடங்கினால், வீட்டில் உள்ளவர்கள் குறுக்கெழுத்துப் புத்தகமும் நினைவாற்றல் மாத்திரையும் வாங்கி வருகிறார்கள். தினமும் விழுங்கும் அழுத்த மாத்திரை மூளைக்கும்தான் என்று சொல்வார் இல்லை. என் மதிப்பீட்டில் முதலிடம் அதற்கே. அழுத்தம் கூடிய நிலையிலேயே ஆண்டுகள் கழிந்தால் மூளையின் ஆழத்தில் ஓடும் நுண்ணிய இரத்தக் குழாய்களின் சுவர் தடித்துப்போகிறது. அவற்றை நம்பியிருக்கும் வெண்பொருள் (மூளையின் பகுதிகளை இணைக்கும் நரம்பிழைகள்) சிறுகச் சிறுகச் சேதமடைகிறது.

அடுத்த கேள்வி, எவ்வளவு குறைப்பது? மேல் அளவை (120/80 என்பதில் முதல் எண்) 140-க்குக் கீழே வைப்பதா, 120-க்குக் கீழேயா? அமெரிக்காவில் 9,361 பேரிடம் நடந்த 'ஸ்பிரின்ட்' ஆய்வு இரண்டையும் நேருக்கு நேர் நிறுத்தியது. 2019-இல் வந்த முடிவின்படி, 120 அணியில் லேசான அறிவாற்றல் குறைபாடு சுமார் 19 சதவீதம் குறைவு. முழு மறதிநோயும் (டிமென்ஷியா) குறைந்தது. ஆனால் அந்த வேறுபாடு தற்செயலாகவும் இருக்கலாம் என்ற எல்லைக்குள்ளேயே நின்றது. இதயத்துக்குக் கிடைத்த நன்மை தெளிவாகிவிட்டதால் சிகிச்சையை முன்கூட்டியே நிறுத்தியதும் இதற்கு ஒரு காரணம். பின்னர் சீனாவில் 326 கிராமங்களில், கிராம மருத்துவர்களே மருந்தைக் கூட்டிக் குறைத்து 130-க்குக் கீழே கொண்டுவர முயன்றார்கள். நான்கு ஆண்டுகளில் மறதிநோயே 15 சதவீதம் குறைந்தது.

120-க்கு விலையும் உண்டு. தாழ் அழுத்தம், மயக்கம், சிறுநீரகப் பாதிப்பு ஆகியவை அந்த அணியில் அதிகம். நீரிழிவு உள்ளவர்களும் பக்கவாதம் வந்தவர்களும் அந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை. அந்த எண்ணை அவர்கள் மீது அப்படியே ஏற்றக் கூடாது. தளர்ந்த உடலுள்ள 85 வயதுக்காரருக்கு 130-ஐ ஒட்டி நிறுத்துவதே நிதானம் என்பேன்.

நடை, உணவு, பயிற்சி என்ற கட்சிக்கும் வலுவான சான்று இருக்கிறது. பின்லாந்தின் 'ஃபிங்கர்' ஆய்வில் 60 முதல் 77 வயது வரையிலான 1,260 பேரில் ஒரு பாதியினர் உடற்பயிற்சி, உணவு மாற்றம், மூளைப் பயிற்சி எல்லாவற்றையும் இரண்டு ஆண்டுகள் சேர்த்துச் செய்தார்கள். அறிவாற்றல் தேர்வுகளில் மற்றவர்களைவிட முன்னேறினார்கள். அந்தத் திட்டத்திலேயே இரத்த அழுத்தக் கண்காணிப்பும் அடக்கம் என்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். உணவை மட்டும் தனியே சோதித்த 'மைண்ட்' ஆய்வு 2023-இல் குறிப்பிடத்தக்க வேறுபாடு எதையும் காட்டவில்லை. மருந்தோடு சேர்த்து ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்றால் நான் நடையைச் சொல்வேன். அது அழுத்தத்தையும் குறைக்கிறது.

புதிர்களால் கெடுதல் இல்லை. ஆனால் எதைப் பழகுகிறோமோ பெரும்பாலும் அதில்தான் தேர்ச்சி கூடுகிறது. கிங்கோ என்ற மரத்தின் இலைச் சாற்றில் செய்யும் நினைவாற்றல் மாத்திரைக்கு அந்த நற்சான்றும் கிடையாது: 3,000-க்கும் மேற்பட்ட முதியவர்களிடம் சோதித்து, மறதிநோயைத் தடுக்கவில்லை என்று 2008-இலேயே அறிவித்துவிட்டார்கள்.

மருந்தின் அளவைக் கூட்டும் வாரங்களில் வீட்டிலேயே அழுத்தத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, பாதம் தரையில் பட, கை இதய மட்டத்தில் இருக்க ஓர் அளவு. எழுந்து நின்று ஒரு நிமிடத்திலும் மூன்றாவது நிமிடத்திலும் மறு அளவு. நிற்கும்போது மேல் அளவு 20 அல்லது அதற்கு மேல் இறங்கினாலோ தலை சுற்றினாலோ, மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல் அந்த எண்களை மருத்துவரிடம் காட்டுங்கள்.