பிரிக்ஸ் மீட்டர்: கரும்புக்கு முழுசா உதவும், பீருக்குப் பாதிதான்

ஆன்லைனில் ஆயிரத்துச் சொச்சத்துக்கு வாங்கியது. கையடக்கமான குழாய், 0 முதல் 32 வரை அளவு, பேட்டரி எதுவும் வேண்டாம். கண்ணாடி மேல் இரண்டு சொட்டுச் சாறு விட்டு, மூடியைச் சாத்தி, வெளிச்சத்தைப் பார்த்துப் பிடித்தால் நீலமும் வெள்ளையும் பிரிகிற கோடு எந்த எண்ணில் நிற்கிறதோ அதுதான் பிரிக்ஸ். 20 என்றால் 100 கிராம் சாற்றில் கரைந்திருப்பது சுமார் 20 கிராம், அதில் பெரும்பங்கு சர்க்கரை.

கவுந்தப்பாடிப் பக்கம் நாட்டுச் சர்க்கரை காய்ச்சுகிறவர்களுக்கு இது எதுக்குங்க என்று கேட்பவர்கள் உண்டு. கரும்பின் நுனியிலும் அடியிலும் தனித்தனியாகச் சாறு பிழிந்து பாருங்கள். இரண்டு எண்ணும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால் வெட்டலாம், நுனி ரொம்பக் குறைவாக இருந்தால் இன்னும் கொஞ்ச நாள் விட வேண்டும். கடித்துப் பார்த்தே சொல்லிவிடுகிற பெரியவர்கள் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை, ஆனால் ஆலைக்காரருக்கும் தோட்டத்துக்காரருக்கும் பேச்சு முற்றும்போது நாக்கைச் சாட்சிக்குக் கூப்பிட முடியாது.

இது காட்டாத விஷயம்தான் ஆபத்து. வெட்டிப் போட்டு நாலு நாள் வெயிலில் காய்ந்த கரும்பில் தண்ணீர் வற்றுவதால் எண் ஏறித்தான் இருக்கும், பார்க்கிறவருக்குச் சந்தோஷமாகவும் இருக்கும். உள்ளே சுக்ரோஸ் (கரும்பின் முக்கியச் சர்க்கரை) உடைந்து குளுக்கோஸும் ஃபிரக்டோஸுமாக மாறியிருக்கும், பாகு எவ்வளவு கிண்டினாலும் பொலபொலவென்று உதிராமல் பிசுபிசுக்கும். உப்புத் தண்ணீர் பாயும் தோட்டத்தில் சாற்றிலுள்ள உப்பும் சேர்ந்தே எண்ணில் ஏறும்.

மச்சான் ஆஸ்திரேலியாவில் இருக்கிறார், அங்கே சொந்தத்துக்கு வீட்டில் பீர் காய்ச்சத் தடையில்லை. (இங்கே 1937 மதுவிலக்குச் சட்டம் இருக்கிறது, யாரும் ஆசைப்பட வேண்டாம்.) அவரும் இதே மாதிரி மீட்டர்தான் வைத்திருக்கிறார். உடைத்த பார்லி மால்ட்டை (முளைகட்டி உலர்த்திய பார்லி) 65, 67 டிகிரி சுடுதண்ணீரில் ஊறவைத்தால் மால்ட்டிலுள்ள நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும். அவ்வப்போது கலக்கிவிட்டு ஒரு சொட்டை ஆறவைத்துப் பார்த்து, எண் ஏறுவது நின்றால் வேலை முடிந்தது என்று எடுத்துக்கொள்கிறார். ஸ்ட்ராங் பீருக்கு அந்தச் சாறு 20 பிரிக்ஸ் வர வேண்டும், அதாவது நம்ம நல்ல கரும்புச் சாறு அளவுக்கு. அதற்குத் தானியம் அதிகம், தண்ணீர் குறைவு. அதனால் கணிசமான சர்க்கரை தானியத்திலேயே தங்கிவிடும். மேலே 75 டிகிரித் தண்ணீர் ஊற்றிக் கழுவி எடுக்கலாம், ஆனால் ஊற்றுகிற ஒவ்வொரு லிட்டரையும் அப்புறம் அடுப்பில் வற்றவைத்தாக வேண்டும், கேஸ் யார் கொடுப்பது? வடிகிற தண்ணீர் 2, 3 பிரிக்ஸுக்கு இறங்கியதும் நிறுத்திவிடுகிறார், அதற்கு மேல் கழுவினால் உமியின் துவர்ப்பு இறங்கும். தண்ணீரைக் கூட்டுவதைவிட மால்ட்டை இன்னும் நன்றாக உடைப்பதும், ஊறும் நேரத்தைக் கூட்டுவதும்தான் லாபம் என்கிறார். ஆலையிலும் இதே கதைதான். சக்கையில் தண்ணீர் தெளித்து மறுபடி பிழிந்தால் சாறு கூடும், கொப்பரைக்கு அடியில் எரிப்பதும் கூடும். ரோலர் இடைவெளியைச் சரியாக வைத்து முதல் தடவையிலேயே பிழிந்துவிடுவதுதான் மலிவு.

பீர் நொதித்த பிறகு இந்த மீட்டர் ஏமாற்றும். ஆல்கஹால் ஒளியை வேறு விதமாக வளைப்பதால் இருக்கிற சர்க்கரையைவிட அதிகமாகக் காட்டும், கணக்குப் போட்டுத் திருத்த வேண்டும், இல்லை மிதக்கிற ஹைட்ரோமீட்டர் ஒன்று தனியாக வாங்க வேண்டும்.

சூட்டுக்கு ஏற்ப மீட்டர் தானே எண்ணைச் சரிசெய்துகொள்வது (வெப்பத் திருத்தம்) 10 முதல் 30 டிகிரி வரைதான். சித்திரை வெயிலில் ஆலைக்கொட்டகையில் வைத்துப் பார்க்காதீர்கள், நிழலுக்கு எடுத்துப் போய், காய்ச்சி வடித்த தண்ணீர் விட்டுச் சுழியம் சரிபார்த்துவிட்டு அளக்கவும். பாகுக்கு இது ஆகவே ஆகாது, அதற்கு 58 முதல் 90 வரை அளக்கிற வேறு மாடல். மூடி மட்டமான பிளாஸ்டிக். ஐந்துக்கு நாலு கொடுக்கலாம். பயன்படுத்தியதும் ஈரத்துணியால் துடைத்து வையுங்கள், இல்லாவிட்டால் எறும்பு மொய்த்துவிடும்.