மின்தடையை ஓம் நிலையில் அளப்பதா, மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் கொண்டு கணக்கிடுவதா?

ஒரு சாதனத்தின் மின்தடையையும் அது எடுக்கும் திறனையும் அறிய இரண்டு வழிகள் உள்ளன. மின் இணைப்பைத் துண்டித்து, மல்டிமீட்டரை (மின்னழுத்தம், மின்னோட்டம், மின்தடை மூன்றையும் அளக்கும் கருவியை) ஓம் நிலையில் வைத்து மின்தடையை அளந்து, மின்னழுத்தத்தின் வர்க்கத்தை அதனால் வகுத்துத் திறனைக் காண்பது ஒன்று. சாதனம் இயங்கும்போதே மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் அளந்து, வகுத்து மின்தடையையும் பெருக்கித் திறனையும் பெறுவது மற்றொன்று. குறைந்த மின்னழுத்த நேர்மின்சார (DC) வேலைகளுக்கு நான் இரண்டாவதையே தேர்ந்துகொண்டேன்.

ஓம் நிலையின் வசதிகளை விளக்க வேண்டியதில்லை. ஒரே மீட்டர் போதும், மின்சுற்றில் மின்சாரம் இல்லாததால் பாதுகாப்பும் அதிகம். கம்பி அறுந்திருக்கிறதா என்று பார்க்க இதைவிட எளிய வழி கிடையாது.

எனக்கு முடிவைத் தீர்மானித்துக் கொடுத்தது வெப்பநிலை. ஓம் நிலையில் மீட்டர் செலுத்தும் மின்னோட்டம் பொதுவாக ஒரு மில்லி ஆம்பியர் அளவிலோ அதற்கும் குறைவாகவோ இருப்பதால், நமக்குத் தெரியவருவது குளிர்ந்த நிலையின் மின்தடை மட்டுமே. 12 வோல்ட், 21 வாட் வாகன பல்பு ஒன்றை எடுத்துக்கொள்வோம். எரியும்போது அதில் 1.75 ஆம்பியர் ஓடுகிறது; எனவே அதன் மின்தடை ஏறத்தாழ 6.9 ஓம். அதே பல்பு அணைந்து குளிர்ந்திருக்கையில் டங்ஸ்டன் இழையின் மின்தடை இதில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும். அதை 0.6 ஓம் என்று வைத்துக் கணக்கிட்டால் திறன் 240 வாட் என்று வரும்; ஒரு சிறிய பல்பு அவ்வளவு எடுக்காது என்பது பார்த்தவுடனே தெரியும். அந்தக் குளிர்ந்த மின்தடைக்கும் ஒரு பயன் உண்டு: சுவிட்சைப் போட்ட கணத்தில் பாயும் பெரிய மின்னோட்டத்தை மதிப்பிட அதுதான் வேண்டும். ஹீட்டர்களில் பயன்படும் நிக்ரோம் கம்பியில் வெப்பத்தால் வரும் மாற்றம் சில சதவீதமே என்பதால், அங்கே இரண்டு வழிகளும் ஏறக்குறைய ஒரே விடையைத் தரும்.

சிறிய மின்தடைகளிலும் ஓம் நிலை தடுமாறுகிறது, ஏனெனில் மீட்டரின் கம்பிகளுக்கே 0.2 ஓம் அளவில் மின்தடை இருக்கக்கூடும். 0.1 ஓம் மின்தடையில் ஒரு ஆம்பியரைச் செலுத்தி, அதன் இரு முனைகளிலேயே மின்னழுத்தத்தைத் தொட்டு அளந்தால், 100 மில்லி வோல்ட் தெளிவாகக் காட்டும். கம்பிகளின் மின்தடை விடையில் சேராது.

மிகப் பெரிய மின்தடைகளில் நிலைமை தலைகீழ். வோல்ட்மீட்டரின் உள்தடை 10 மெகா ஓம் என்றால், ஒரு மெகா ஓம் மின்தடைக்கு இணையாக அதை இணைத்து, இரண்டுக்கும் சேர்த்து ஓடும் மின்னோட்டத்தை அளக்கும்போது, விடை 0.91 மெகா ஓம் என்று ஒன்பது சதவீதம் குறைந்து வரும். அங்கே ஓம் நிலையே மேல்.

மாறுமின்சாரத்தில் (AC) எனக்குப் பழக்கம் குறைவு என்பதால் என் பரிந்துரையை அங்கே நீட்ட மாட்டேன். சுருள் உள்ள சாதனங்களில் மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் பெருக்கினால் கிடைப்பது தோற்றத் திறன். சாதனம் உண்மையில் எடுக்கும் திறனுக்கு, இவ்விரண்டுக்கும் உள்ள விகிதமான திறன் காரணியையும் சேர்த்துப் பெருக்க வேண்டும். வகுத்தால் வருவதும் வெறும் மின்தடை அன்று, இம்பீடன்ஸ்; அதாவது கம்பியின் மின்தடையோடு சுருள் மாறுமின்சாரத்துக்குத் தரும் எதிர்ப்பும் சேர்ந்தது. அத்தகைய சாதனங்களுக்குச் செப்புக் கம்பியின் மின்தடையை ஓம் நிலையிலும், திறனை வாட்மீட்டரிலும் தனித்தனியே அளப்பதே முறை.