மில்லிகிராம் தராசா, துளைத் தகடா? ஏர் ரைஃபிள் பெல்லட்டைத் தரம் பிரிக்கும் கருவிகள்

ரைஃபிளுக்கும் ஜாக்கெட்டுக்கும் பணத்தைக் கொட்டி முடித்த பிறகு, பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் பயில்கிறவர்களுக்கு அடுத்தபடியாக எழுகிற ஆசை, பெல்லட்டை, அதாவது ரைஃபிளில் போட்டுச் சுடும் சிறு ஈயக் குண்டைத் தரம் பிரிக்க ஒரு கருவி வாங்க வேண்டும் என்பதே. இணையக் கடைகளில் தேடினால் மூன்று வகை கண்ணில் படுகின்றன: மில்லிகிராம் வரை காட்டும் சிறிய மின்னணுத் தராசு, பெல்லட்டின் தலை விட்டத்தை அளக்கும் துளைத் தகடு, எல்லாப் பெல்லட்டையும் ஒரே விட்டத்துக்கு நெருக்கித் தள்ளும் அச்சு. முதல் இரண்டும் கடலூர் மஞ்சக்குப்பத்தில் என் வீட்டு மேசைமேல் இருக்கின்றன. மூன்றாவதை நண்பரிடம் இரவல் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஒன்றுக்குத்தான் கையில் காசு இருக்கிறது என்றால் தராசை வாங்குங்கள் என்பது என் முடிவு. ஆனால் அதைக்கூட எல்லாரும் வாங்க வேண்டியதில்லை.

வெளிநாடுகளில் ரைஃபிள் சுடுகிற பலர், சுட்டு முடித்த பித்தளைக் கூட்டை எடுத்து, நீண்டுபோன அதன் வாயை வெட்டிச் சீராக்கி, வெடிமருந்தை நிறுத்துப் போட்டு, வீட்டிலேயே தோட்டாவை மறுபடி நிரப்பிக்கொள்கிறார்கள். நம் நாட்டில் தோட்டா தயாரிப்பதற்கு 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவு உரிமம் கேட்கிறது. ஆகவே அந்தப் பேச்சுக்கே இங்கு இடமில்லை. 0.177 அங்குல உள்விட்டக் குழலும் 20 ஜூலுக்கு மிகாத ஆற்றலும் கொண்ட ஏர் ரைஃபிளுக்கு அந்தத் தொல்லை கிடையாது. போட்டி ரைஃபிளின் ஆற்றல் ஏறத்தாழ 7.5 ஜூல்தான். எனவே வீட்டில் உட்கார்ந்து நாம் காட்டக்கூடிய நுணுக்கம் எல்லாம் பெல்லட்டைப் பொறுக்கி எடுப்பதோடு நின்றுவிடுகிறது.

அந்தப் பொறுக்குதலால் என்ன கிடைக்கும் என்பதைக் கருவி வாங்கும் முன்பே ஒரு தாளில் போட்டுப் பார்த்துவிடலாம். போட்டிப் பெல்லட்டின் எடை பெரும்பாலும் 0.53 கிராம். அது நொடிக்கு 170 மீட்டருக்குச் சற்று மேற்பட்ட வேகத்தில் குழலை விட்டுக் கிளம்பி, பத்து மீட்டர் தூரத்தைக் கடக்க ஏறத்தாழ 0.06 நொடி எடுத்துக்கொள்கிறது. அதற்குள் புவியீர்ப்பால் சுமார் 18 மி.மீ. கீழே இறங்குகிறது. எடை ஒரு சதவீதம், அதாவது சுமார் 5 மில்லிகிராம் கூடினால், வேகம் அரைச் சதவீதம் குறையும்; இறக்கம் ஒரு சதவீதம், அதாவது 0.18 மி.மீ. கூடும். இலக்குத் தாளில் ஒரு வளையத்துக்கும் அடுத்த வளையத்துக்கும் இடைவெளி 2.5 மி.மீ.; தசமக் கணக்கில் 0.1 புள்ளிக்கு 0.25 மி.மீ. ஆக, 5 மில்லிகிராம் வித்தியாசம் 0.1 புள்ளியைக்கூட முழுதாகப் பறிக்காது. ஆனால் 25 மில்லிகிராம் வித்தியாசம் என்றால் 0.8 மி.மீ. போய்விடும், 10.6 விழ வேண்டிய இடத்தில் 10.3 விழும். விலை மலிந்த டப்பாக்களில் இந்த அளவு வித்தியாசத்தை நான் சாதாரணமாகவே பார்க்கிறேன். நல்ல போட்டிப் பெல்லட்டில் பெரும்பாலானவை 0.528 முதல் 0.532 வரை நின்றுவிடும், எப்போதாவது ஒன்றிரண்டுதான் 0.520 பக்கம் சறுக்கும். அந்த ஒன்றிரண்டைப் பிடித்து ஒதுக்குவதுதான் தராசின் வேலை.

இந்தக் கணக்கிலிருந்தே எந்தத் தராசு வேண்டும் என்பதும் தெரிந்துவிடுகிறது. 0.01 கிராம் வரை மட்டும் காட்டுகிற சட்டைப்பைத் தராசு இதற்குப் பயன்படாது; 0.525 கிராம் உள்ளதையும் 0.534 கிராம் உள்ளதையும் அது 0.53 என்றே காட்டிவிடும். திருப்பாதிரிப்புலியூரில் தராசு விற்கும் கடைக்காரரிடம் கேட்டபோது, "தங்கம் நிறுக்கவா சார்? பத்து மில்லி போதுமே" என்று அவர் எடுத்து வைத்ததும் அந்த வகைதான். "அண்ணே, நான் நிறுக்கப்போவது மொத்தமே அரை கிராம் ஈயம்" என்றதும் சிரித்துவிட்டு, அப்படியானால் இணையத்தில் பாருங்கள் என்று அவரே சொல்லி அனுப்பினார். நான் வாங்கியது 20 கிராம் கொள்ளளவும் 0.001 கிராம் துல்லியமும் உள்ள, உள்ளங்கை அகலத் தராசு. மூடி, சிறு கிண்ணம், இடுக்கி, சரிபார்க்கும் எடைக்கல் எல்லாம் சேர்ந்தே வந்தன. அதில் கிராமோடு கிரெயின் அளவும் உண்டு. ஒரு கிரெயின் 64.8 மில்லிகிராம் என்பதால் 0.53 கிராம் பெல்லட் 8.18 என்று காட்டும். டப்பாவின் மேல் 8.2 என்று அச்சிட்டிருப்பதும் இதைத்தான். பிரிக்கும் வேலைக்குக் கிராம் அளவே வசதி.

தராசின் குறைகள் எல்லாம் காற்றிலிருந்தும் நேரத்திலிருந்தும் வருகின்றன. மின்விசிறி சுழலும் அறையில் கடைசி இலக்கம் ஓரிடத்தில் நிற்பதே இல்லை. கடலூர்ப் புழுக்கத்தில் விசிறியை நிறுத்தி, சன்னலையும் சாத்திக்கொண்டு உட்காருவது தவம்தான். மூடி இருந்தாலும் ஒவ்வொரு பெல்லட்டுக்கும் அதைத் திறந்து மூடப் பொறுமை வேண்டும். அரை மணி நேரம் போனால் வெறுங்கிண்ணம் 0.000 காட்டாமல் ஒன்றிரண்டு மில்லிகிராம் நகர்ந்திருக்கும். அதனால் ஒரு பெல்லட்டில் பேனா மையால் புள்ளி வைத்துத் தனியே எடுத்து வைத்திருக்கிறேன். சிறிது நேரத்துக்கு ஒருமுறை அதை நிறுத்துப் பார்த்து, பழைய எண்ணையே காட்டினால் மேலே போகிறேன், மாறியிருந்தால் பூஜ்யத்தை மறுபடி அழுத்துகிறேன். கூடவே வந்த எடைக்கல்லைவிட இந்தப் புள்ளி வைத்த பெல்லட்டைத்தான் நான் அதிகம் நம்புகிறேன், ஏனென்றால் நமக்கு வேண்டியது உண்மையான எடை அன்று, ஒன்றுக்கொன்று உள்ள வித்தியாசம் மட்டுமே. எரிச்சலூட்டும் குறை ஒன்று உண்டு: சற்றுக் கை ஓய்ந்தால் தராசு தானே அணைந்துவிடுகிறது, அதை மாற்ற அமைப்பில் வழியில்லை. வாங்குகிறவர்கள் இதை விற்பவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

அடுத்தது துளைத் தகடு. பெல்லட்டின் உருவத்தில் தட்டையான தலை, ஒடுங்கிய இடுப்பு, விரிந்த ஸ்கர்ட் என்று மூன்று பகுதிகள் உண்டு. குழலின் வரிப்பள்ளங்களோடு உரசிக்கொண்டு பெல்லட்டை நேராக நிறுத்துவதில் தலையின் விட்டத்துக்குப் பெரும் பங்கு இருக்கிறது. டப்பாவில் 4.49, 4.50 என்று ஒட்டியிருப்பது இந்த விட்டத்தைத்தான். டிஜிட்டல் காலிப்பரால் இதை அளக்க முயல்வது வீண். ஈயம் மிருதுவானது, தாடை பட்டதுமே நசுங்கும், தவிரவும் சாதாரணக் காலிப்பரின் பிழையே 0.02 மி.மீ. தகட்டிலோ 0.01 மி.மீ. படிகளில் வரிசையாகத் துளைகள் இருக்கின்றன. பெல்லட்டைத் தலைகீழாகச் சிறிய துளையில் வைத்து, தகட்டை விரலால் இலேசாகத் தட்டி, இறங்காவிட்டால் அடுத்த துளைக்கு நகர்த்த வேண்டும்; தலை எந்தத் துளையில் முதலில் இறங்கி, ஸ்கர்ட் விளிம்பில் மாட்டிக்கொள்கிறதோ, அதுவே அதன் அளவு. நெற்களத்தில் சல்லடை போடுவதைப் போல ஒரே வீச்சில் முடிகிற காரியம் அன்று. ஒவ்வொன்றாக, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்துச் செய்ய வேண்டியது.

தகட்டின் வேலைப்பாட்டைக் குறை சொல்ல முடியாது. ஒரே பெல்லட்டைத் திரும்பத் திரும்ப வைத்தாலும் அது ஒரே பதிலைத்தான் தருகிறது. 4.50 என்று எழுதியிருக்கும் டப்பாவில் அதற்கு ஒரு படி கீழும் மேலும் கலந்து கிடப்பதைக் கண்ணால் பார்க்கிறபோது வியப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த வியப்பால் புள்ளி கூடுவதில்லை. உங்கள் குழலுக்கு 4.49 பிடிக்குமா 4.50 பிடிக்குமா என்பதைத் தகடு சொல்லாது. ரைஃபிளைப் பட்டறைப் பிடியில் இறுக்கிக் கட்டி, இரண்டு அளவிலும் பத்துப் பத்தாகச் சுட்டு, துளைக் கூட்டம் எதில் சிறியது என்று பார்த்தால்தான் தெரியும். பிடி இல்லாமல் கையில் வைத்துச் சுட்டுப் பார்க்கிறவர்கள் தங்கள் மூச்சையும் விரலையும்தான் சோதிக்கிறார்கள். பிடியும் இருக்கிறது, சோதித்துப் பார்க்க நேரமும் இருக்கிறது என்றால், அப்போது தகடு உதவும்: புதிய தொகுதி எண்ணில் டப்பா வாங்கும்போதெல்லாம் ஐம்பதை எடுத்து அளந்து, அது உங்களுக்கு ஒத்துவந்த பழைய தொகுதியைப் போல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். எங்கள் ஊரில் இருப்பவர்களில் பெரும்பாலானவர்களுக்கு இந்த வசதி கிடையாது.

நெருக்கித் தள்ளும் அச்சைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. போட்டித் தரப் பெல்லட்டைச் செய்தவர்கள் கொடுத்த விளிம்பை நாமே கெடுத்துக்கொள்ளும் வழியாகவே அது எனக்குப் பட்டது.

காசே இல்லாத ஒரு வழி உண்டு. அதைச் சொல்லாமல் கருவிகளைப் பரிந்துரைப்பது நியாயம் அன்று. ஒரு கண்ணாடித் துண்டைச் சற்றே சாய்த்து வைத்து, மேல் விளிம்பில் பெல்லட்டைப் படுக்கவைத்து விட்டால், ஸ்கர்ட் அகலமாக இருப்பதால் அது வளைந்தே உருளும். தலைக்கும் ஸ்கர்ட்டுக்கும் உள்ள விட்ட விகிதம் ஒன்றாக இருப்பவை எல்லாம் கண்ணாடியின் கீழ்விளிம்பில் ஏறக்குறைய ஒரே இடத்தில் வந்து சேரும். ஸ்கர்ட் நசுங்கியது இடையிலேயே தடுக்கித் திரும்பும், தலை பெருத்தது தள்ளிப் போய் விழும். பூதக்கண்ணாடியால் ஸ்கர்ட் விளிம்பை ஒருமுறை நோட்டம் விட்டு, இப்படி உருட்டியும் பார்த்தால், கண்ணுக்குத் தெரியும் கழிவுகள் எல்லாம் தராசுக்குப் போகும் முன்பே போய்விடும். எடையை மட்டும் இது காட்டாது. அதனால்தான் இரண்டாவதாகத் தராசு.

இனி, யார் வாங்க வேண்டும் என்பது. கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் தகுதிச்சுற்றில் 60 குண்டுகளுக்கு 630.7 எடுத்துப் பத்தாம் இடத்தில் நின்றார். இறுதிக்குப் போவது எட்டுப் பேர். ஒரு குண்டுக்குச் சராசரி 10.5 என்ற அந்த உயரத்தில் 0.1 புள்ளி எதையும் தீர்மானிக்கும். அங்கே தொகுதி பார்த்து வாங்குவதும் குழலுக்கு ஒத்த பெல்லட்டைத் தேடுவதும் ஆடம்பரம் அன்று. ஒன்பதும் எட்டும் மாறி மாறி விழுகிற கட்டத்தில் இருப்பவருக்கு 5 மில்லிகிராமால் ஆகப்போவது எதுவுமில்லை. அந்தக் காசுக்கு இன்னும் இரண்டு டப்பா வாங்கிச் சுடலாம். சராசரி 10-ஐத் தாண்டி, தாளில் விழும் புள்ளியைப் பார்த்து "இது என் கையா, பெல்லட்டா" என்ற ஐயம் நியாயமாக வருகிறபோது தராசை வாங்குவது சரி. அப்போதும் பயிற்சிக்கான பெல்லட்டை நிறுத்துக்கொண்டிருக்க வேண்டாம். போட்டிக்கு வேண்டிய 60, அதற்குமுன் சுடும் பரீட்சைக் குண்டுகள், கொஞ்சம் மிச்சம், இவ்வளவை முந்தின வாரம் பிரித்து வைத்தால் போதும்.

பிரித்ததை எங்கே வைப்பது என்பதும் கடலோர ஊர்க்காரருக்குக் கேள்வியே. தேவனாம்பட்டினம் பக்கத்து உப்புக்காற்றில் திறந்து கிடக்கும் ஈயம் விரைவில் வெளுத்துப் பொடி பூக்கிறது. அந்தப் பூச்சு எடையையும் கெடுக்கும், கையிலும் ஒட்டும். இறுக மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைப் போட்டு வைக்கிறேன். ஈயம் நஞ்சு என்பதால் சாப்பாட்டு மேசையில் இந்த வேலையைச் செய்யக் கூடாது. முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், தராசின் கிண்ணத்தையும் சேர்த்துக் கழுவ வேண்டும். அடுக்களையில் ஏலக்காயும் குங்குமப்பூவும் நிறுக்க வசதியாக இருக்குமே என்று வீட்டில் யாரேனும் அந்தத் தராசைக் கேட்டால், தயவுசெய்து கொடுத்துவிடாதீர்கள்.