வவுனியாவிலிருந்து அமெரிக்கத் தேர்தல் வரைபடம்: ‘270 டு வின்’ எப்படி?

அமெரிக்காவின் ஊஞ்சல் மாநிலம் (swing state, தேர்தலுக்குத் தேர்தல் கட்சி மாறக்கூடியது) எந்தப் பக்கம் சாய்கிறது என்று கனடாவிலிருக்கும் மச்சான் ஒவ்வொரு நாளும் வாட்ஸ்அப்பில் வகுப்பெடுக்கத் தொடங்கியதும்தான் ‘270 டு வின்’ (270toWin) என்ற இந்தத் தளத்தைத் திறந்தேன். இலவசம். மாநிலத்தைத் தொட்டால் சிவப்பு (டிரம்பின் குடியரசுக் கட்சி), நீலம் (ஜனநாயகக் கட்சி) என்று நிறம் மாறும், ஜனாதிபதியாக வெல்லத் தேவையான 270 தேர்வாளர்கள் (மாநிலங்களின் சார்பில் ஜனாதிபதியைத் தெரிவு செய்பவர்கள்) வருகிறார்களா என்று மேலே கணக்கும் ஓடும். பழைய தேர்தல்களின் வரைபடங்களும் இருக்கின்றன, அதுதான் எனக்கு உண்மையான சுவை.

குறை என்னவென்றால், நிறத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். விஸ்கான்சினை எடுங்கள். 2016இல் டிரம்ப் ஏறத்தாழ 23,000 வாக்குகளால் வென்றார், 2020இல் பைடன் 21,000 அளவில், 2024இல் மறுபடி டிரம்ப் 29,000 சொச்சத்தில். முழுச் சிவப்பாகத் தெரிகிற அதே மாநிலம் அதே நாளில் ஜனநாயகக் கட்சியின் டாமி பால்ட்வினைத்தான் மேலவையான செனட்டுக்கு அனுப்பியது! சாய்ந்துவிட்டது என்று நான் சொல்லமாட்டேன்.

எங்கள் வன்னித் தேர்தல் மாவட்டத்தை (மன்னார், வவுனியா, முல்லைத்தீவு; கிளிநொச்சி இதில் இல்லை, அது யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தோடு) இப்படி ஒரே நிறத்தில் பூசவே முடியாது. விகிதாசார முறை, 6 ஆசனம். 2024 நாடாளுமன்றத் தேர்தலில் அவை 5 கட்சிகளுக்குப் பிரிந்தன, தேசிய மக்கள் சக்திக்கு மட்டும் 2. விஸ்கான்சினிலோ ஒரு வாக்கு கூடினாலும் 10 தேர்வாளர்களும் ஒருவருக்கே.

அப்புறம், தளம் ஆங்கிலத்தில்தான். ஐயா அம்மாவுக்குக் காட்டுவதென்றால் பக்கத்தில் நீங்கள் இருக்கவேண்டும்.