அறுவை சிகிச்சை முடிந்த குழந்தைக்கு எந்த டிரிப்: உப்பு குறைந்ததா, முழு உப்பா?

எங்கள் பிரிவில் குழந்தைகளுக்கு எந்த டிரிப் என்று முடிவெடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தபோது முழு உப்பைத்தான் தேர்ந்தெடுத்தேன், இன்றும் அதே பக்கம்தான் நிற்கிறேன்.

ஒரு பக்கம் உப்பு குறைந்த டிரிப்: 5% குளுக்கோஸோடு 0.18% அல்லது 0.45% சலைன் (உப்பு நீர்), லிட்டருக்குச் சோடியம் சுமார் 30 அல்லது 77 மில்லிமோல். மறுபக்கம் முழு உப்பு, அதாவது சோடியம் ஏறக்குறைய இரத்தத்தில் இருக்கும் அளவுக்கே உள்ள டிரிப்: 0.9% சலைன் (154), பல உப்புகள் கலந்த பிளாஸ்மாலைட் (140), ரிங்கர் லாக்டேட் (சுமார் 130).

உப்பு குறைந்த டிரிப், 1957-இல் ஹாலிடே, சீகர் என்ற இரண்டு குழந்தை மருத்துவர்கள் போட்ட கணக்கிலிருந்து வந்தது. ஒரு நாளுக்கு, எடையில் முதல் 10 கிலோவுக்குக் கிலோவுக்கு 100 மிலி, அடுத்த பத்துக்கு 50, அதற்கு மேல் 20 என்ற அந்த அளவை நாங்கள் இன்றும் கையில் வைத்திருக்கிறோம், அதில் தகராறு இல்லை. ஆனால் சோடியத்தை அவர்கள் பாலில் இருக்கும் அளவை வைத்துக் கணக்கிட்டார்கள். நன்றாக இருக்கும் குழந்தைக்கு அது சரி.

அறுவை சிகிச்சை முடிந்த குழந்தையின் உடம்பு அப்படி இல்லை. வலி, குமட்டல், மார்ஃபின் எல்லாம் சேர்ந்து சிறுநீரைக் குறைக்கும் ஏடிஎச் ஹார்மோனை ஏற்றிவிடும். சிறுநீரகம் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். 20 கிலோ குழந்தைக்கு ஒரு நாளுக்கு 1500 மிலி 0.18% சலைன் போனால், குளுக்கோஸ் உடம்பில் செலவான பிறகு அதில் ஏறக்குறைய 1200 மிலி வெறும் தண்ணீர். வெளியே போக வழியில்லாத அந்தத் தண்ணீர் இரத்தத்தில் சோடியத்தை லிட்டருக்கு 135 மில்லிமோலுக்குக் கீழே இழுக்கும், மூளையை வீங்க வைக்கும். என் முடிவுக்கு இந்த ஒரு காரணமே போதும்.

வார்டில் இது எப்படி நடக்கிறது என்று பாருங்கள். குழாயில் மாட்டிய பையில் சிறுநீர் அடர்மஞ்சளாகக் கொஞ்சம்தான் இறங்கியிருக்கும். தண்ணீர் போதவில்லை என்று நினைத்து டிரிப்பைக் கூட்டுவார்கள், சோடியம் இன்னும் இறங்கும். அப்புறம் வரும் தலைவலி, வாந்தி, தூக்கக் கலக்கம் எல்லாம் மயக்க மருந்தின் மிச்சம் போலவே தெரியும், வலிப்பு வரும்வரை யாருக்கும் சந்தேகமே வராது.

2015-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த மெல்போர்ன் ஆய்வில் லிட்டருக்கு 77 மில்லிமோல் சோடியம் உள்ள டிரிப் பெற்றவர்களில் 11% குழந்தைகளுக்குச் சோடியம் குறைந்தது, 140 பெற்றவர்களில் 4%. 2018-இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமியும், 28 நாள் முதல் 18 வயது வரை பராமரிப்பு டிரிப் (அன்றாடத் தண்ணீர்த் தேவைக்கு ஓட்டுவது) என்றால் முழு உப்புதான் என்று சொல்லிவிட்டது.

முழு உப்பிலும் குறை உண்டு. 0.9% சலைன் அதிகம் போனால் குளோரைடு ஏறி இரத்தத்தில் அமிலம் கூடும். பிளாஸ்மாலைட்டில் அந்தத் தொல்லை குறைவு, கிடைத்தால் நான் அதையே எடுப்பேன். ரிங்கர் லாக்டேட் இரத்த இழப்பை ஈடுகட்ட நல்லது, ஆனால் சோடியம் கொஞ்சம் கம்மி என்பதால் நாள் முழுக்க ஓட்ட எனக்கு மனசு வராது. எதுவானாலும் 5% குளுக்கோஸ் சேர்ந்திருக்க வேண்டும், சிறுநீர் போன பிறகு பொட்டாசியமும்.

பச்சிளங்குழந்தைகள், இதயம், சிறுநீரகம், கல்லீரல் நோய், மூளை அறுவை சிகிச்சை, இவற்றுக்கு மேலே சொன்ன பரிந்துரை பொருந்தாது. அங்கே எனக்கு அனுபவமும் குறைவு, அந்தத் துறைக்காரர் சொல்வதைத்தான் கேட்பேன்.

முழு உப்பு போட்டுவிட்டோம் என்று பரிசோதனையை விட்டுவிடவும் கூடாது. டிரிப் ஓடும்வரை 24 மணி நேரத்துக்கு ஒரு முறையாவது சோடியம் பார்க்க வேண்டும். குழந்தை வாயால் குடிக்கத் தொடங்கியதும் அந்த அளவுக்கு டிரிப்பைக் குறைக்க வேண்டும், ஏனென்றால் குடிக்கும் தண்ணீரில் உப்பு இல்லை, ஏடிஎச் இன்னும் இறங்கியிருக்காது.