சில நாள் மட்டும் சூடேறும் இன்ஜின்: ஸ்கேனரா, வெப்பத் துப்பாக்கியா, பிரஷர் டெஸ்ட்டா?

தினமும் சூடேறுகிற வண்டியில் கோளாறைப் பிடிப்பது சுலபம். சில நாள் மட்டும் சூடேறுகிற வண்டிதான் ஆளைப் படுத்தும். டாக்டரைப் பார்த்ததும் நின்றுபோகிற பல்வலி மாதிரி, பட்டறைக்குள் நுழைந்ததும் வெப்பநிலை காட்டும் முள் சமர்த்தாக நடுவில் உட்கார்ந்துகொள்ளும். மெக்கானிக் அரை மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்துவிட்டு, "எதுக்கும் தெர்மோஸ்டாட்டை மாத்திடலாம் சார்" என்பார். என் வண்டியில் அப்படித்தான் முதலில் தெர்மோஸ்டாட் (சூடானதும் திறந்து ரேடியேட்டருக்கு வழிவிடும் வால்வு) மாறியது, அடுத்து ரேடியேட்டர் மூடி, அப்புறம் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்). மூன்றும் மாறிய பத்தாம் நாள், சிக்னலில் நிற்கும்போது முள் மறுபடி மேலே கிளம்பியது.

உத்தேசமாக ஒவ்வொரு பாகமாக மாற்றுவதும் ஒரு வழிதான். மூடி மாதிரி சின்னச் சாமான் பழசாகிவிட்டால் யோசிக்காமல் மாற்றலாம், தப்பில்லை. ஆனால் ஒரே நாளில் இரண்டு பாகம் மாற்றினால் எது சரிசெய்தது என்று தெரியாது. சரியானதா, அல்லது கோளாறு இந்த வாரம் தூங்குகிறதா என்பதும் தெரியாது. போதாததற்கு, கூலன்ட்டை இறக்கி ஏற்றும்போது உள்ளே காற்று சிக்கிக்கொண்டால் (பட்டறையில் ஏர் லாக் என்பார்கள்) இல்லாத ஒரு சூட்டையும் சேர்த்து வாங்கி வந்திருப்போம்.

செலவே இல்லாத வழி, கவனிப்பது. ஊர்ந்து போகும்போது சூடேறி, வேகம் எடுத்ததும் இறங்கினால் சந்தேகம் ஃபேன் மேல் போக வேண்டும். வேகத்தில் காற்று தானாகவே ரேடியேட்டருக்குள் புகுந்துவிடுவதால் ஃபேனுக்கு அங்கே வேலை இல்லை. நேர்மாறாக ஏற்றத்திலும் நெடுஞ்சாலை வேகத்திலும் சூடேறினால் அடைபட்ட ரேடியேட்டர், தேய்ந்த வாட்டர் பம்ப், அல்லது பம்ப் உறிஞ்சும்போது சப்பையாக ஒட்டிக்கொள்கிற கீழ் ஹோஸ். சூடேறிய நேரத்தில் ஹீட்டரைப் போட்டால் குளிர்ந்த காற்று வருகிறதா? கூலன்ட் குறைந்திருக்கிறது, இல்லையென்றால் காற்று சிக்கியிருக்கிறது.

இவ்வளவு சொல்லும் இந்த வழிக்கு ஒரு பெரிய குறை, நாம் நம்புகிற முள். பல கார்களில் அது ஏறக்குறைய 75 முதல் 105 டிகிரி வரை அசையாமல் நடுவிலேயே நிற்கும்படி வைத்திருக்கிறார்கள், ஓட்டுபவர் பதறக் கூடாது என்று. முள் நகர்ந்தது நம் கண்ணில் படும்போது கதை பாதி முடிந்திருக்கும்.

இங்கேதான் ஸ்கேனர் மற்ற எல்லாவற்றையும் முந்துகிறது. வண்டியின் கணினியிடமிருந்து எண்களைப் படித்துக் காட்டும் கருவி அது. அதைச் செருகும் ஓபிடி-2 சாக்கெட், அமெரிக்காவில் 1996 முதல் கட்டாயமானது, இன்று பெரும்பாலான கார்களில் ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கிறது. அதில் ஒரு ப்ளூடூத் அடாப்டரைச் செருகி, ஃபோனில் கூலன்ட் வெப்பநிலையைப் பதிவு செய்ய விட்டுவிட்டு வழக்கம்போல ஓட்டினால் போதும். கோளாறு எப்போது வருகிறதோ அப்போது அது அங்கே இருக்கும். பட்டறையில் இருக்கிற எந்தக் கருவிக்கும் இந்த வசதி கிடையாது.

எனக்கு ஆறாவது நாள் மாட்டியது. நெரிசலில் வண்டி நிற்கிறது, ஃபோனில் 94. அப்புறம் 97, 99. வழக்கமாக இந்த இடத்தில் ஃபேன் உறுமத் தொடங்கி, எண் மளமளவென்று இறங்கும். அன்று சத்தமே இல்லை. 102. முள் அப்போதும் நடுவில்தான். ஏசியைப் போட்டேன், ஏசி போட்டால் ஃபேன் ஓடியே ஆக வேண்டும், ஓடவில்லை. 106 ஆனபோது ஓரம் கட்டி பானெட்டைத் திறந்து, ஒரு நீளக் குச்சியால் ஃபேன் மோட்டாரின் முதுகில் லேசாகத் தட்டினேன். சட்டென்று சுழல ஆரம்பித்தது. மோட்டாருக்குள் கார்பன் பிரஷ் தேய்ந்து, சூட்டில் மட்டும் தொடர்பு விட்டிருக்கிறது. பட்டறையில் ஒவ்வொரு முறையும் அது ஒழுங்காக ஓடியதில் ஆச்சரியமே இல்லை. (கையை உள்ளே விடாதீர்கள். மின் ஃபேன் எந்த நொடியிலும் கிளம்பும். சில வண்டிகளில் இன்ஜினை அணைத்த பிறகும்.)

எண் ஏறுகிற விதத்திலேயே வேறு கோளாறுகளும் தெரியும். ஓட ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் 105, 108 என்று ஏறி, திடீரென்று 15 டிகிரி சரிந்தால் தெர்மோஸ்டாட் மாட்டிக்கொண்டு பிறகு திறந்திருக்கலாம். 90-லிருந்து ஒரே தாவலில் மைனஸ் 40-க்குப் போனால் இன்ஜினைத் தேட வேண்டாம், சென்சார் ஒயரைப் பாருங்கள். இரும்பும் தண்ணீரும் அப்படித் தாவாது.

ஸ்கேனரும் ஏமாற்றும். அது சொல்வது ஒரே ஒரு சென்சாரின் வார்த்தையை. கூலன்ட் மட்டம் குறைந்து சென்சார் நீராவியில் தொங்கினால், இன்ஜின் வெந்துகொண்டிருக்கும்போதே எண் குறைவாகக் காட்டக்கூடும். அந்தச் சந்தேகம் வந்தால் வெப்பத் துப்பாக்கியை (தொடாமலே வெப்பநிலையை அளக்கும் கருவி) எடுக்கலாம். தெர்மோஸ்டாட் கூட்டின் மேல் அதை நீட்டி ஸ்கேனர் எண்ணோடு ஒப்பிடலாம். ரேடியேட்டரின் மேல் மெதுவாக ஓட்டினால், அடைபட்ட குழாய்கள் குளிர்ந்த திட்டாகத் தெரியும். இதில் இங்கே சொல்கிற வேறெந்தக் கருவியும் அதற்கு ஈடு இல்லை. ஆனால் பளபளப்பான அலுமினியத்தின் மேல் நேராக நீட்டினால் நிஜத்தைவிட மிகக் குறைவாகக் காட்டும். ஒரு துண்டு கறுப்பு டேப் ஒட்டி அதன் மேல் நீட்ட வேண்டும். சிவப்புப் புள்ளியைப் பார்த்து அந்தப் புள்ளியை மட்டும் அளக்கிறது என்று நினைக்க வேண்டாம். தூரத்துக்கும் அளக்கும் வட்டத்துக்கும் உள்ள விகிதம் 12:1 என்று எழுதியிருந்தால், 60 சென்டிமீட்டர் தள்ளி நின்றால் 5 சென்டிமீட்டர் வட்டத்தின் சராசரியைத்தான் சொல்லும். எல்லாவற்றையும்விட, ஓடுகிற வண்டியில் இதைப் பிடித்துக்கொண்டு போக முடியாது. எப்போதாவது வருகிற கோளாறில் இது இரண்டாவது சாட்சி மட்டுமே.

கூலன்ட் குறைந்துகொண்டே வருகிறது, கீழே சொட்டும் இல்லை என்றால் வரிசையே மாறும். ஸ்கேனருக்கு முன்னால் பிரஷர் டெஸ்ட். ஆறிய இன்ஜினில் மூடி இருக்கும் இடத்தில் கைப்பம்பைப் பொருத்தி, மூடியில் போட்டிருக்கும் அழுத்தம் வரை ஏற்றி, கால் மணி நேரம் பம்பின் அழுத்த முள் இறங்குகிறதா என்று பார்ப்பார்கள். மூடியையும் தனியாகச் சோதிக்கச் சொல்லுங்கள், பலர் விட்டுவிடுவார்கள். 1 பார் கூடுதல் அழுத்தம் இருந்தால் வெறும் தண்ணீரே 120 டிகிரியில்தான் கொதிக்கும். மூடி அழுத்தம் பிடிக்காவிட்டால் அந்த 20 டிகிரி கையை விட்டுப் போகும். குறை என்னவென்றால், சூட்டில் மட்டும் விரியும் கீறல் ஆறிய இன்ஜினில் ஒழுகாது. பாஸ் என்று வந்ததை முழுசாக நம்பிவிட வேண்டாம்.

கடைசியாக ஹெட் கேஸ்கெட் (இன்ஜினின் மேல் பகுதிக்கும் கீழ்ப் பகுதிக்கும் நடுவே கசியாமல் அடைக்கும் தகடு) சோதனை. நீல திரவத்தின் வழியே ரேடியேட்டர் வாயிலிருந்து வரும் ஆவியை உறிஞ்சினால், இன்ஜினுக்குள் எரிந்த வாயு கூலன்ட்டுக்குள் கசிந்திருந்தால் பெட்ரோல் இன்ஜினில் திரவம் மஞ்சளாகும். மஞ்சளானால் பேச்சே இல்லை. நீலமாகவே இருந்தால்தான் குழப்பம், ஏனென்றால் பாரம் இழுக்கும்போது மட்டும் கசிகிற கேஸ்கெட் நின்ற இடத்தில் ஓடும்போது வாயே திறக்காது. காலையில் ஆறிய வண்டியைக் கிளப்பி ஓரிரு நிமிடத்துக்குள் மேல் ஹோஸ் கல்லு மாதிரி இறுகினால், நீலமாக இருந்தாலும் நான் கேஸ்கெட்டைத்தான் சந்தேகப்படுவேன்.

மோட்டார் மாற்றிய பிறகு என் வண்டியில் 98-ல் ஃபேன் ஓடுகிறது, 92-ல் நிற்கிறது. இன்னும் ஒரு வாரம் பதிவு செய்துவிட்டு அடாப்டரைக் கழற்றி வைத்தேன். செருகியே வைத்தால், வண்டி நாள்கணக்கில் நிற்கும்போது அது பேட்டரியைக் குடித்துவிடும்.